தண்ணீர் விளையாட்டுப் பாடம்

சித்திரை மாதம், ஒரு திங்கட்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு வேலானேந்தலிலிருந்து புறப்பட்டோம். எங்கள் ஊருக்குள் பஸ் வருவதில்லை. நரிக்குடியிலிருந்து திருச்சுழி போகும் சாலைக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். நடுவில் ஊர்க் கண்மாய். அது நிறைந்து இரண்டு வருஷமாகிவிட்டதால் கரையைச் சுற்றவில்லை. உள்ளே இறங்கிக் குறுக்காக நடந்தோம்.

அந்த நேரத்திலேயே ஊற்றுக் குழியைச் சுற்றி இருபது குடங்கள் வரிசையில் இருந்தன. எங்கள் சீமையைப் பார்க்காதவர்களுக்காக ஊற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்மாய் வற்றிய பிறகு அதன் நடுவில் நெஞ்சளவு ஆழத்துக்குக் குழி தோண்டுவார்கள். அடியில் ஒரு தட்டு அளவுக்குத் தண்ணீர் ஊறும். ஒரு பெண் உள்ளே இறங்கி, தேங்காய்ச் சிரட்டையை மெதுவாகச் சாய்த்து, மேலாக மொண்டு, குடத்தில் ஊற்றுவாள். கை பதறினால் சேறு கலங்கிவிடும்; மறுபடி தெளிய அரை மணி நேரம் ஆகும். பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் அவளைத் திட்டுவார்கள். ஆகையால் ஊற்றங்கரையில் யாரும் ஓடமாட்டார்கள், குதிக்கமாட்டார்கள். அம்மாவோடு வரும் பிள்ளைகள்கூடக் குடத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

என்னோடு வந்தவர் எங்கள் ஊர்ப் பால்வாடி டீச்சர் ஞானசுந்தரி. முப்பது வயது இருக்கும். எட்டாவது வரை படித்தவர். கணவர் தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஒரு பெண் குழந்தை. அதைத் தாயார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று வருஷமாக எங்கள் ஊரில் இருபத்தைந்து பிள்ளைகளைக் காலையிலிருந்து மதியம் வரை வைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறார். அவரை வைத்தது ஒரு மாதர் நலச் சங்கம். அந்தச் சங்கத்திலிருந்து பங்குனியில் கடிதம் வந்திருந்தது. அருப்புக்கோட்டையில் பன்னிரண்டு நாள் பயிற்சி; கடைசியில் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும்; அதில் தேறியவர்களுக்குத்தான் வேலை தொடரும்; தேறாவிட்டால் மையத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று எழுதியிருந்தது. டீச்சரோடு அந்தந்த ஊர்ப் பால்வாடிக் கமிட்டித் தலைவரும் வர வேண்டுமாம்.

தலைவர் நான்தான். ஊரில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பருத்தி அடைக்கும் என் கொட்டகை சும்மா கிடந்தது. பால்வாடிக்கு இடம் கேட்டார்கள், கொடுத்தேன். இடம் கொடுத்தவரே தலைவராக இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கடையிலும் நான் அதிகம் பேசுவதில்லை. கேட்டதை நிறுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஆறேகால் பஸ் ஏழு மணிக்கு வந்தது. அருப்புக்கோட்டைக்குப் பதினேழு மைல், டிக்கெட் எண்பது பைசா. டீச்சர் ஒரு சாக்கு மூட்டை கொண்டுவந்திருந்தார். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, என்ன லோடு என்று கேட்டார். புளியங்கொட்டை, டப்பா மூடி, மண் பொம்மை, துணிக் கிலுகிலுப்பை என்றார் டீச்சர்.

“இதுக்கு லக்கேஜ் போட்டா பாவம் எனக்குல்ல வந்து சேரும்” என்று சொல்லி, மூட்டையைக் கண்டக்டரே தூக்கி இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

திருச்சுழியில் இருபது நிமிஷம் நின்றது. கோயில் கோபுரம் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. குண்டாறு வெறும் மணலாகக் கிடந்தது. மணலிலும் ஊற்றுகள், குடங்கள். அதற்கு மேல் அருப்புக்கோட்டை வரை கரிசல் காடு. பருத்தி மாரை, காய்ந்த செடியை, வேரோடு பிடுங்கிய நிலம் வாயைப் பிளந்து கிடந்தது. பத்து மைலில் பச்சையாகத் தெரிந்தது உடைமரங்கள் மட்டும்தான். எட்டேமுக்காலுக்கு ஊருக்குள் நுழைந்தோம். தெருத் தெருவாகத் தறிச் சத்தம்.

பயிற்சி நடந்தது பாளையம்பட்டிக்குப் போகும் சாலையில் கோடை விடுமுறைக்குப் பூட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். இருபத்திரண்டு டீச்சர்கள், பதினெட்டுத் தலைவர்கள். டீச்சர்கள் பள்ளியிலேயே தங்கினார்கள். ஆண்களுக்குப் பாளையம்பட்டியில் ஓர் அரிசிக் கடையின் பின்கட்டு. என் பக்கத்துப் பாய்க்காரர் காரியாபட்டி அருகே ஓர் ஊரின் தலைவர். வெங்காயத் தரகு செய்கிறவர். அவர் பேசாத நேரம் சாப்பிடும் நேரம் மட்டும்தான். அதிலும் பாதி நேரம் பேசுவார்.

முதல் நாள் காலை எங்கள் எல்லோரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மா. ஐம்பது வயது, கைத்தறிச் சேலை. டீச்சர்கள் மட்டுமல்லாமல் தலைவர்களும் கைதட்டிப் பாட வேண்டும், யானை மாதிரி நடக்க வேண்டும் என்றார். மீசை வைத்த ஆட்கள் துண்டைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றி வந்தார்கள். நான் மெதுவாக நகர்ந்து ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

தரகர் பார்த்துவிட்டார். “என்ன அண்ணாச்சி, தூணுக்கு முட்டுக் குடுக்கீகளா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று அந்த அம்மா சொன்னதில் ஒன்றை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்களோ அதைத்தான் விளையாடுவார்கள். விளையாட்டில் ஒரு பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தால் அதன் வீடும் ஊரும் தெரிந்துவிடும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்தான் டீச்சர். இதுவரை நாங்கள் பால்வாடி என்றால் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்து உப்புமா போடுவது என்றுதான் நினைத்திருந்தோம். ஊரில் தாய்மார்கள் கேட்பதும் அதைத்தான். சிலேட்டுப் பிடிப்பதற்கு முன்னால் களிமண் பிடிக்கட்டும் என்று அந்த அம்மா சொன்னபோது டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர்களுக்கும் ஒரு வேலை சொன்னார்கள். மாதிரி வகுப்பு முடிந்ததும் அந்தந்த ஊர்த் தலைவர் எழுந்து, இந்தப் பாடம் தன் ஊருக்கு எப்படிப் பொருந்துகிறது என்று இரண்டு நிமிஷம் பேச வேண்டும். வேறு யாரும் அந்த நேரத்தில் பேசக் கூடாது. அதைக் கேட்டதிலிருந்து நான் நாள்களை எண்ணத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை. தண்ணீர் விளையாட்டு என்ற பாடம். ஒரு துத்தநாகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, டம்ளர், டப்பா, புனல் எல்லாம் போட்டு, பிள்ளைகளை அதைச் சுற்றி விட்டுவிட வேண்டும். மொள்ளும், ஊற்றும், தெறிக்கும், நனையும். அதட்டக் கூடாது. எது கூட, எது குறைய என்பதைக் கையே கற்றுக்கொள்ளும். சிந்தின தண்ணீர் வீணில்லை, அதுதான் பாடம் என்றார் மதுரை அம்மா.

அந்த வருஷம் அருப்புக்கோட்டையிலேயே தண்ணீர் தள்ளுவண்டியில் வந்தது, குடம் ஐந்து பைசா. கடைசி வரிசையில் ஒரு டீச்சர் எழுந்து, அது குடிக்கிற தண்ணீரா, புழங்குகிற தண்ணீரா என்று கேட்டார். மதுரை அம்மா சிரித்துவிட்டு, எதுவாக இருந்தாலும் சரி என்றார். அவர் நல்லவர். வைகை ஊர்க்காரர்.

சனிக்கிழமை சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், மாதிரி வகுப்புக்கு யாருக்கு எந்தப் பாடம் என்று. கதை, களிமண், பாட்டு, விதை கோப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று விழுந்தது. ஞானசுந்தரி சீட்டைப் பிரித்துப் படித்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். மதியம் சாப்பிட உட்காரும்போதுதான் என்னிடம் காட்டினார். தண்ணீர் விளையாட்டு.

“கதைன்னா நான் எப்படியும் தேறிருவேன், அண்ணாச்சி. நம்ம ஊரு பிள்ளைகளுக்குத் தண்ணியத் தொட்டா பயம். தொடக் கூடாதுன்னு நாந்தான் மூணு வருஷமாச் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார்.

அது உண்மை. கொட்டகையில் ஒரு பானை உண்டு. பிள்ளைகளின் அம்மாமார் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் அரைக் குடம் ஊற்றுவார்கள். அதில் ஒரு டம்ளர் சிந்தினால் அன்று மாலையே டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இருபது மைலுக்குள் இருக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் மையத்துப் பிள்ளைகளையே கூட்டிவர வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் மறு வாரம் புதன்கிழமை நான் ஊருக்குப் போனேன். ஆறு பிள்ளைகளை அனுப்பச் சம்மதிக்க வைப்பதற்குள் பொழுது இறங்கிவிட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பேச்சியம்மாள் என்ற தாய் கூட வருவதாகச் சொன்னாள். அவள் மகள் ராக்குவுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. பால்வாடியில் அவள்தான் பெரியவள். மற்ற ஐந்து பேரையும் அவள் அதட்டி நடத்துவாள். அவளுக்கு அடங்காதவன் சோணை ஒருவன்தான். அவனுக்கு நாலு வயது.

வியாழக்கிழமை காலை அதே பஸ். ஆறு பிள்ளைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்று அதே கண்டக்டர் விட்டுவிட்டார். ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்று திருச்சுழி வரை சண்டை நடந்தது. அருப்புக்கோட்டைக்குள் நுழைந்து தறிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். ராக்கு என் சட்டையை இழுத்து, “எல்லா வீட்லயும் கம்பு குத்துறாகளா, மாமா?” என்றாள். இவ்வளவு கம்பு எங்கே விளைந்தது என்ற ஆச்சரியம் அவள் முகத்தில் இருந்தது. இல்லை, வேட்டி சேலை நெய்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை.

பஸ் நிலையத்தில் ஒரு காப்பிக் கடை. இட்லி ஐந்து பைசா. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தேன். கடை ஓரத்தில் ஒரு பீப்பாயும் அதில் ஒரு குழாயும் இருந்தன. குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சோணை போய்க் கையை ஏந்தி நின்றான். உள்ளங்கை நிறைந்ததும் குடித்துவிட்டு மறுபடி ஏந்தினான்.

“மூடுலே. யாராச்சும் வைவாக” என்று ராக்கு ஓடிப் போய்க் குழாயைத் திருகினாள். அவளுக்கு அது எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று தெரியவில்லை. தண்ணீர் கொட்டியது. ஆறு பேரும் முகம் வெளுத்து நின்றார்கள். கடைக்காரர் வந்து மூடினார், வையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரை ஆறு பேரும் பேச்சியம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

அன்று மாலை நான் அரிசிக் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து என் இரண்டு நிமிஷப் பேச்சை எழுதினேன். பன்னிரண்டு வரி. கொட்டகை பதினெட்டு அடி நீளம், ஓடு வேய்ந்தது, சங்கத்துக்கு நன்றி, டீச்சர் நேரம் தவறாதவர். தரகர் வாங்கிப் படித்துப் பார்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் நெட்டுருப் போடச் சொல்லி என்னை நாலு தடவை சொல்ல வைத்தார். அவர் ஒருவர் முன்னால் சொல்லும்போதே இரண்டு வரியை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவதற்குச் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கண்ணாடி போட்டவர், கையில் ஒரு நீளமான அட்டை. முன்வரிசையில் அவர், பக்கத்தில் மதுரை அம்மா, பின்னால் நாங்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு ஊர்க்காரர்கள் கதையும் பாட்டும் நடத்திக் கைதட்டல் வாங்கினார்கள். அதற்குப் பிறகு எங்கள் முறை.

ஆறு குடம் தண்ணீர் ஊற்றிய தொட்டியை நடுவில் வைத்தார்கள். எட்டுப் பிள்ளைகள் வேண்டும் என்பதால் உள்ளூர்ப் பிள்ளைகள் இருவரைச் சேர்த்திருந்தார்கள். ஞானசுந்தரி டம்ளர்களையும் டப்பாக்களையும் தொட்டியைச் சுற்றிப் பரப்பினார். இனி உங்கள் விளையாட்டு, யாரும் வையமாட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பயிற்சியில் சொன்னபடி இரண்டு அடி தள்ளி நின்றார். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளூர்ப் பையன் ஒருவன் இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தான். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. ஞானசுந்தரியின் கை தானாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே விட்டுவிட்டார். பையன் திகைத்துப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான். சென்னை அம்மா அட்டையில் ஏதோ எழுதினார். எங்கள் சீமையில் வளர்ந்த எந்தக் கையும் அப்படித்தான் போயிருக்கும். என் கையே மடியிலிருந்து எழுந்ததை நான் கவனித்தேன்.

எங்கள் ஆறு பேரும் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு ராக்கு தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு டம்ளரை எடுத்து, தண்ணீர் அசையாமல் மெதுவாகச் சாய்த்து, மேலாக மொண்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு.

“கலக்காதீக. தெளியட்டும்” என்றாள் ராக்கு, சின்னக் குரலில்.

அவள் முதல் டப்பாவை நிறைத்ததும் அதற்குரிய பிள்ளை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையை வீசி, அறையின் மூலைக்குப் போய் வைத்துவிட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் வந்து உட்கார்ந்தது. சோணை நடுவில் புகுந்தான். தன் டப்பாதான் முந்தி வைத்தது என்று முணுமுணுத்தான். ராக்கு டம்ளரை ஓங்கிக் காட்டினாள். அவன் பின்னால் போய்விட்டான். அப்புறம் அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, தண்ணீர் ஊறுவதற்காகக் காத்திருந்தாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் காத்திருந்தாள். பின்னால் ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

வாசலில் நின்ற பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகள் அவளைப் போலவே இடது முழங்காலில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். டீச்சர்களில் பலருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அதுவரை நான் பார்த்த மாதிரி வகுப்புகளில் பிள்ளைகள் டீச்சரையே மறந்துபோய் விளையாடியது இது ஒன்றுதான்.

பத்து நிமிஷம் ஆனதும் சென்னை அம்மா அட்டையைக் கீழே வைத்தார்.

“தண்ணியில விட்டும் ஒரு குழந்தைகூடச் சிரிக்கல. வரிசையில உட்கார்ந்து கை கட்டுது. அடிச்சு அடிச்சுப் பழக்கியிருக்கீங்கபோல” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“நான் சொல்லலம்மா. அதுகளாத்தான்...” என்று தொடங்கிய ஞானசுந்தரி, சுவரோரம் நின்ற பையனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மணிக்கட்டைப் பிடித்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

“தலைவர் ஏதாவது சொல்றீங்களா?”

நான் எழுந்தேன். சட்டைப் பையில் காகிதம் இருந்தது. கொட்டகை பதினெட்டு அடி நீளம். அதில் ஊற்று இல்லை, சிரட்டை இல்லை, கலக்காதே என்பது இல்லை. சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். அம்மா, எங்கள் ஊரில் தண்ணீர் இப்படித்தான் எடுப்பார்கள், பிள்ளைகள் அதைத்தான் விளையாடுகிறார்கள், பிள்ளைகள் பார்த்ததைத்தான் விளையாடும் என்று பயிற்சியில் சொன்னார்களே. மூன்று வரி. மதுரை அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பேசக் கூடாது. நான் பேசினால் அவர் தலையசைத்திருப்பார். தரகர் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, “ஊத்துன்னு சொல்லுங்க, அண்ணாச்சி. ஊத்து” என்றார்.

நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் காலைப் பார்த்தேன். தரகர் பொறுக்காமல் பாதி எழுந்தார். அது உங்கள் மையமா என்று கேட்டார் சென்னை அம்மா. இல்லை என்றார் தரகர். அப்படியானால் உட்காருங்கள் என்றார். அவர் உட்கார்ந்தார்.

“பரவாயில்ல, மெதுவாச் சொல்லுங்க” என்று சென்னை அம்மா இரண்டாம் தடவையும் கேட்டார். அதை நான் இங்கே மறைக்கக் கூடாது. அவர் கேட்டார்.

நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஊருக்கு இடம் வேண்டும் என்று பள்ளிக் காவல்காரர் தொட்டியை வெளியே இழுத்துப் போய் வேப்பமரத்து அடியில் கவிழ்த்தார். எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் பின்னாலேயே போய் நின்று பார்த்தார்கள். ஈரம் மண்ணுக்குள் இறங்கி முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை.

அன்று பிற்பகல் மூன்றே கால் பஸ்ஸில் திரும்பினோம். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். டீச்சர் மடியில் சோணை. பந்தல்குடிப் பக்கமோ எங்கோ இடி இடித்தது. மழை இல்லை, வெறும் வெக்கை. திருச்சுழியில் நின்ற பஸ் மறுபடி கிளம்பிய பிறகு, ஞானசுந்தரி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“நீங்க பேசியிருந்தாலும் அவுக எழுதுனத அழிச்சிருக்க மாட்டாக, அண்ணாச்சி.”

எனக்காகச் சொன்னார் என்று தெரிந்தது. ஒரு மைல் போயிருக்கும். சோணையின் தலையைச் சரியாகத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“ஆனாலும் பேசியிருக்கலாம்.”

சாலையில் இறங்கி, கண்மாய்க்குள் நடந்து வந்தோம். ஊற்றங்கரையில் நின்ற பெண்கள், போன காரியம் என்னாச்சு என்று விசாரித்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டீச்சர் சொன்னார்.

ஆனி மாதக் கடைசியில் சங்கத்திலிருந்து தாள் வந்தது. ஞானசுந்தரி தேறவில்லை. மையம் நரிக்குடிக்கு அருகில் ஒரு பெரிய ஊருக்கு மாற்றப்படுகிறது. பொருள்களை ஒப்படைக்கவும் என்று எழுதியிருந்தது. நான் அன்றே உட்கார்ந்து, ஊற்றைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் எல்லாவற்றையும் எழுதி ஒரு கடிதம் அனுப்பினேன். காகிதத்தில் எனக்கு வராத பேச்சு இல்லை. பதில் வந்தது, மரியாதையாகவே. முடிவு செய்த பிறகு மாற்றுவதற்கு விதி இல்லையாம்.

பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே கேட்டது எல்லாம் உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னால் ஒரு பிள்ளை விளையாடுவதைச் சும்மா கடந்து போக முடியவில்லை. கடையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறேன். பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். பார்த்ததை எழுந்து சொல்வது என் பாடம். அதற்கு அவர்கள் இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் ஞானசுந்தரி புறப்பட்டார். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் வேலை. மகளையும் அழைத்துக்கொண்டார். டிரங்குப் பெட்டியை நான் சுமந்து, சாலை வரை போய்ப் பஸ் ஏற்றிவிட்டேன். வாரேன் அண்ணாச்சி என்று சொன்னார். அப்போதும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் மறைந்த பிறகு ஒன்றரை மைலும் தனியாக நடந்தேன். காற்று கண்மாய்ப் புழுதியை வாரி அடித்தது. சித்திரையில் பார்த்த ஊற்றை மூடிவிட்டு, பத்தடி தள்ளி இன்னும் ஆழமாக ஒன்று தோண்டியிருந்தார்கள்.

ஊருக்குள் வந்தேன். கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் நிழலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளியே நின்றேன்.

ராக்கு ஒரு கல்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஓர் ஓடு, ஒரு குச்சி. அவளுக்கு முன்னால் ஒரு கிழிந்த கூடை, அதுதான் தொட்டி. ஒரு சின்னப் பெண் அதில் மொண்டு மொண்டு ஊற்ற, மற்றவர்கள் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராக்கு ஓட்டில் குச்சியால் எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, “தலைவரு எதாச்சும் சொல்றீகளா?” என்றாள்.

சோணை எழுந்தான். தோளில் ஒரு கந்தல் துண்டு. தன் காலைப் பார்த்தபடி நின்றான். வலது கால் விரலால் இடது காலைத் தேய்த்தான். ராக்கு இரண்டாம் தடவையும் கேட்டாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

கேலி இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அது அப்படித்தான் நடக்கும் என்பது போல இருந்தார்கள். ராக்கு ஓட்டில் ஒரு கோடு இழுத்தாள்.

“அடுத்த ஊரு வாங்க” என்றாள்.